தேறியவர்கள் பலகை

நல்லம்மாள் கடைசியாக ஒரு மனிதரிடம் பேசி நூற்று அறுபத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது. சென்ற வியாழக்கிழமை தராசின் மேல் நின்றபடி, "ஆமாங்க, நாப்பது தடவை" என்று சொன்னாள். அதன் பிறகு பேச ஆள் வாய்க்கவில்லை.

இன்று மறுபடியும் வியாழக்கிழமை. மணி எட்டு. இப்போது ஊரை ஆள்பவர்களின் டோக்கியோ நேரப்படி எட்டு என்பதால் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னும் சரியாக விடியவில்லை. அவள் முகம் கழுவி, இருந்த இரண்டு சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு சத்துணவு நல்வழிக் காரியாலயத்துக்குப் புறப்பட்டாள்.

அவள் இருந்தது ரயில்வே வரிசை வீடுகளில் ஒன்று. ஆண்களை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பிறகு பெண்கள், கிழங்கு நட நிலம் கிடைக்கிறது என்று, கிள்ளான் பக்கமும் ஜெஞ்சாரோம் பக்கமும் போனார்கள். நல்லம்மாள் போகவில்லை. அவள் கணவன் அய்யாவு திரும்பி வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவான். வேறு கதவு அவனுக்குத் தெரியாது.

காரியாலயம் முன்பு துணிக்கடையாக இருந்தது. துணி அளக்கும் மேசை இப்போது பிரதம உபதேசகரின் மேசை. பிரதம உபதேசகர் பழனியப்பன் போருக்கு முன்பு ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். அப்போது அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. இப்போது வாரம் ஒரு முறை இருநூறு பேர் கேட்டார்கள். கேட்டு முடித்தால்தான் அரிசி.

முதலில் எல்லோரும் டோக்கியோ சக்கரவர்த்தியை நினைத்துக் கிழக்கு நோக்கி வணங்க வேண்டும். கட்டடத்தின் கிழக்கே பின்கட்டு, பின்கட்டில் கோழிக்கூண்டு. ஆகவே இருநூறு பேரும் இடுப்பு வரை குனிந்து ஒன்பது கோழிகளை வணங்கினார்கள். கோழிகள் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றின் முட்டை மேலதிகாரிகளுக்கு.

அடுத்தது கை கால் பயிற்சி. அதற்கும் அடுத்தது உபதேசம்.

"அம்மாமார்களே, ஐயாமார்களே!" என்றார் பழனியப்பன். "வெள்ளைக்காரன் நம்மை எதைக் கொடுத்துக் கெடுத்தான்? சர்க்கரை! காப்பியில் சர்க்கரை, தேநீரில் சர்க்கரை, டின் பாலில் சர்க்கரை. இன்று இந்த நகரம் முழுவதும் தேடிப் பாருங்கள். ஒரு கரண்டி சர்க்கரை கிடைக்குமா? கிடைக்காது. இரண்டே ஆண்டுகளில் இதைச் சாதித்தது யார்?"

அவர் காத்திருந்தார். யாரோ கை தட்டினார்கள்.

"எண்ணெயைக் குறையுங்கள் என்று உலகத்து மருத்துவர்கள் எல்லாம் கதறினார்கள். யாராவது குறைத்தார்களா? நாம் குறைத்தோம். இறைச்சியைக் குறைத்தோம். தாகத்துக்கு வெந்நீர் குடிக்கிறோம். பசிக்கும் வெந்நீர் குடிக்கலாம் என்பது நம்முடைய காரியாலயத்தின் கண்டுபிடிப்பு. இன்னொன்று: வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். எப்போதும் கால் வயிறு காலியாக இருக்கட்டும்."

செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த ரெங்கசாமிக் கிழவர் எழுந்தார். "ஐயா, எனக்கு முக்கால் வயிறு காலியா இருக்குங்க."

"அப்படியானால் நீங்கள் மூன்று மடங்கு முன்னேறியிருக்கிறீர்கள். உட்காருங்கள்."

சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. தலைப்பு: தேறியவர்கள். ஒருவர் வியாழக்கிழமை வராவிட்டால் அவருக்கு இனிக் காரியாலயத்தின் உதவி தேவையில்லை என்று பொருள், அவர் தேறிவிட்டார். அன்றே பெயர் பலகையில் ஏறும். தொடக்கத்தில் வாரம் நாலைந்து பெயர்கள் ஏறின. இப்போது முப்பது, நாற்பது. எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கட்டி போதவில்லை என்று பழனியப்பன் மேலிடத்துக்குப் பெருமையோடு தெரிவித்தார்.

எடை பார்ப்பவர் கௌஸ் பாய். ரயில்வே பார்சல் ஆபீசில் இருபது வருடம் மூட்டை நிறுத்தவர். தராசும் அங்கிருந்து வந்ததுதான். பழைய பழக்கம் போகவில்லை.

"அடுத்த உருப்படி! ஏறுங்கம்மா. ஆடாதீங்க, நீங்க என்ன உசிரோட போற சரக்கா?" என்றவர், தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். முள்ளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நல்லம்மா, நீங்க போன வாரத்துக்கு மூணு ராத்தல் கூடியிருக்கீங்க!"

வரிசையில் நின்றவர்கள் முள்ளை எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டில் அந்தத் தராசில் யாருக்கும் எடை கூடியதில்லை. தனலெட்சுமிக்கு மட்டும் ஒருமுறை கூடியது. அவளும் சீக்கிரமே தேறிவிட்டாள்.

பழனியப்பன் மேசையை விட்டு எழுந்து வந்தார். முறைப்படியான மூன்று கேள்விகளையும் அவரே கேட்டார்.

"என்ன சாப்பிட்டீர்கள்?"

"மரவள்ளிக் கிழங்குங்க. வெந்நி. ரெண்டு நாள் சோறு."

"எத்தனை முறை மென்றீர்கள்?"

"நாப்பது."

"யாரோடு சாப்பிட்டீர்கள்?"

மூன்றாம் கேள்விதான் சிக்கலானது. ஒன்பதாம் விதி: தனியாக உண்ணாதே; நல்ல பேச்சோடு உண்டால்தான் ஜீரணம். தனியாகச் சாப்பிட்டதாகச் சொன்னவர்களுக்கு அடுத்த வார அரிசி இல்லை. ஜீரணம் ஆகாத வயிற்றுக்கு அரிசி வீண் அல்லவா?

"தனலெட்சுமியோட," என்றாள் நல்லம்மாள்.

"எந்தத் தனலெட்சுமி?"

"பக்கத்து வீடுங்க. முன்னே இங்கயும் வந்துக்கிட்டிருந்தா."

கௌஸ் பாய் பலகையை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, இருக்கே! ரெண்டாவது வரிசையில. தேறுனவங்கதான்."

பழனியப்பனின் முகம் மலர்ந்தது. "தேறியவரோடு சேர்ந்து உண்டு தேறுகிறீர்கள்! என்ன பேசிக்கொண்டீர்கள்?"

நல்லம்மாள் சற்று யோசித்தாள். "கிழங்கைப் பார்த்து, 'இதைத் தின்னுறதுக்குத் தலகாணிக்குள்ள வச்சுத் தைச்சா தேவலைடி'ன்னா."

கௌஸ் பாய் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். தனலெட்சுமி சொன்னதற்கு நாலு பேர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நல்லம்மாளும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அடுத்த வாரத்துக்கு ஒன்று யோசித்து வைத்துக்கொண்டாள்.

அன்று அவளுடைய அரிசி நாலு பால் டின்னிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விதி எளிமையானது. எடை கூடியவர்களுக்கு அரிசி அதிகமாகப் போகிறது என்று பொருள், ஆகவே குறைக்க வேண்டும். எடை குறைந்தவர்கள் விதிகளை மீறியவர்கள், ஆகவே அவர்களுக்கும் குறைக்க வேண்டும். எடை மாறாதவர்களுக்கு அதே அளவு. அப்படி யாரும் இல்லை.

*

வீட்டில் அவள் விளக்கு ஏற்றுவதில்லை, எண்ணெய் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிழங்கை அவித்து, இரண்டு தட்டுகளில் வைத்தாள். ஒரு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள். பிறகு மற்றத் தட்டில் இருந்ததையும் சாப்பிட்டாள்.

பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. அவள் மெதுவாக எண்ணினாள். இருபத்தேழு எண்ணியபோது குழி மறைந்தது. சென்ற வாரம் பத்தில் மறைந்திருந்தது.

இந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கமானதுதான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டிரெஸ்ஸர் சில மாதங்களுக்கு முன் அடுத்த வீட்டுக்கு வந்துபோனபோது சொன்னார்: "தீட்டின அரிசியும் கிழங்குமே தின்னா இப்படித்தான் நீர் கோத்துக்கும். தவிடு கெடைச்சா கஞ்சியில போட்டுக் குடிங்க. அதான் மருந்து. எங்ககிட்ட வேற இல்லை." தவிடு எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் காரியாலயத்துக்கு வந்து கிழக்கு நோக்கி வணங்கியவர் அல்ல.

*

அடுத்த வாரம் இன்னும் நாலு ராத்தல் கூடியது. நல்லம்மாளை மாதிரித் தாய் என்று அறிவித்தார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பிற்பகலில் நாற்பது கைகள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது நன்றாக இருந்தது.

"எப்படிக்கா குண்டானீங்க?" என்று கேட்டாள் சௌதா. அவள் புருஷன் அப்துல் மஜீத் துணி விற்கப் பினாங்குக்குப் போய்ப் பத்து மாதமாகத் தகவல் இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. "எனக்குப் பாலே ஊறலக்கா. என்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க, நானும் அதையே சாப்பிடுறேன்."

"நீ சாப்பிடுறதுதான் சௌதா."

"சும்மா சொல்லாதீங்கலா. தனலெட்சுமி அக்கா என்னமோ கைப்பக்குவமா செய்யறாங்கன்னு பாய் சொன்னாரே. நானும் ஒரு நாள் வரட்டா? மூணு பேராச் சாப்பிடலாம்."

நல்லம்மாள் அவளைப் பார்த்தாள். "வா" என்று சொல்ல வாய் திறந்தாள். பிறகு, "அவளுக்குக் கூட்டம் ஒத்துக்காது," என்றாள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு நல்லம்மாள் பழனியப்பனின் மேசை முன் நின்றாள். அவளாக அவரிடம் பேசியது அதுவே முதல் தடவை.

"ஐயா, அந்தக் கோழித் தவிட்டுல ஒரு டின்னு…"

"எதற்கு?"

"கஞ்சியில போட்டுக் குடிக்கங்க."

பழனியப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அம்மா, மாதிரித் தாய் கோழித்தீனி தின்னலாமா? வெளியே தெரிந்தால் காரியாலயத்தின் கௌரவம் என்ன ஆவது? தவிடு அறிவில்லாத ஜீவன்களுக்கு உரியது. கோழிக்கு உபதேசம் செய்ய முடியாது. ஆகவே தவிடு போடுகிறோம். மனிதர்களுக்குத்தான் உபதேசம் இருக்கிறதே."

அவள் கூண்டைப் பார்த்தாள். கோழிகள் கம்பிமேல் தாவி ஏறின, இறங்கின. அவற்றின் கால்கள் மெலிந்து, மஞ்சளாக, உறுதியாக இருந்தன.

*

பிறகு ஐந்து நிறத் திட்டம் வந்தது. தட்டில் ஐந்து நிறங்கள் இருந்தால்தான் சமச்சீர் உணவு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. ஊரில் கிடைத்தது கிழங்கு, அது ஒரே நிறம். பழனியப்பன் இரண்டு இரவு தூங்காமல் வழி கண்டுபிடித்தார். ரயில்வே பெயின்ட் வாங்கி, இரும்புத் தட்டுகளில் ஐந்து நிறப் பட்டை அடித்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்.

"சூடா எதுவும் ஊத்தாதீங்க," என்று கௌஸ் பாய் நல்லம்மாளின் காதில் சொன்னார். "சிவப்பு இன்னும் காயல. பச்சை பரவாயில்லை."

அந்த வாரம் தனலெட்சுமி, "இந்தத் தட்டை வெளியே வச்சா ரயில் நின்னுடும்டி" என்று சொல்லியிருந்தாள். கௌஸ் பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடுத்த வாட்டி அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. எடை போடல, சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்."

நல்லம்மாளுக்கு மறுபடி ஐந்து ராத்தல். அரிசி முழுவதும் நின்றது. இந்த அம்மாள் அரிசி தேவைப்படாத நிலையை எட்டிவிட்டார் என்று பழனியப்பன் மேலிடத்துக்கு எழுதினார்.

இப்போது வீட்டிலிருந்து காரியாலயத்துக்கு நடக்க அவள் நடுவே ஆறு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. தராசில் ஏறும்போது மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் வாங்கியது, உட்கார்ந்தே தூங்கினாள். உட்கார்ந்தபடியே வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

*

மேலதிகாரி நேரில் வரும் நாள் வந்தது. தோரணம் கட்டினார்கள். முட்டைகள் அவித்துத் தயாராக இருந்தன. பரிசு மேசை மேல் இருந்தது: ஒரு சான்றிதழ், அரை மூட்டை அரிசி. பரிசு நல்லம்மாளுக்கும் தனலெட்சுமிக்கும் சேர்த்து. இருவரும் மேடையில் நின்றாக வேண்டும்.

"தனலெட்சுமி அம்மாள் எங்கே?" என்று கேட்டார் பழனியப்பன்.

"அவளால வர முடியாதுங்க."

"உடம்பு சரியில்லையா?"

"இப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அதுதானே, தேறியவர் ஆயிற்றே! நடக்கச் சோம்பலா? லோரி அனுப்புகிறேன்."

"லோரி அங்க போகாதுங்க."

"பாதை குறுகலோ?"

"ஆமாங்க."

வெளியே கார் வந்து நின்றது. பழனியப்பன் கைக்குட்டையைத் தேடினார். அவர் கண் வரிசையில் ஓடி, சௌதாவின் மேல் நின்றது. அவளை அப்போதுதான் தராசிலிருந்து இறக்கியிருந்தார்கள். கௌஸ் பாய் உரக்கச் சொல்லியிருந்தார்: "சௌதா, ரெண்டு ராத்தல் கூட!" அவள் முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம். "அக்கா, எனக்கும் கூடிடுச்சு!" என்று கூட்டத்துக்கு மேல் கை ஆட்டினாள்.

"நீ வா இங்கே," என்றார் பழனியப்பன். "இன்று நீதான் தனலெட்சுமி. கேட்டால் தலையை ஆட்டு. வேறு எதுவும் பேசாதே."

"அரிசி குடுப்பீங்களா ஐயா?"

"அப்புறம் பார்க்கலாம். எடை கூடியவர்களுக்கு அரிசி எதற்கு?"

மேலதிகாரி உள்ளே வந்து அமர்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். எல்லோரும் கோழிகளை நோக்கி வணங்கினார்கள். பழனியப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மாண்பு மிக்கவரே! பசி என்பது ஒரு பழக்கம். பழைய ஆட்சி விட்டுச்சென்ற கெட்ட பழக்கம். அதை ஒழிக்கப் புறப்பட்ட எங்கள் காரியாலயத்தில் இதுவரை தேறியவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். பலகையில் இடமில்லை, இரண்டாம் பலகை செய்யச் சொல்லியிருக்கிறேன். இப்படியே போனால் அடுத்த ஆண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களைத் தேடி வர ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல மேலதிகாரி தலையசைத்தார்.

"இதோ, அதன் கண்கண்ட சாட்சிகள். இந்த இரு பெண்களின் பெயரால் ஒரு முறையை அறிவிக்கிறேன். நல்லம்மாள்-தனலெட்சுமி முறை. அரிசி இல்லாமல், நல்ல பேச்சுத் துணையோடு உண்பது. நாளை முதல் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் எல்லோருக்கும் இதுவே. சோறு தேவையில்லை, துணை போதும்!"

கைதட்டல் எழுந்தது. சௌதா நல்லம்மாளின் பக்கத்தில் வந்து நின்றாள். தோள் உரசியது. இடுப்பில் இருந்த குழந்தை நல்லம்மாளின் சேலையைப் பிடித்தது.

"நான்தான் தனலெட்சுமியாம்," என்று சௌதா கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே உங்க வீட்டுக்கு வந்துதான் ஆகணும்கா. ஆர்டர்."

நல்லம்மாள் கீழே பார்த்தாள். சௌதாவின் செருப்பு வார் பாதத்தில் புதைந்திருந்தது. வாருக்கு மேலும் கீழும் சதை மினுமினுத்தது.

அவள் மேடையிலேயே குந்தினாள். குந்த நேரம் பிடித்தது. மூச்சு வாங்கியது. சௌதாவின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்னக்கா செய்யறீங்க? கூசுது."

கைதட்டல் நின்றுவிட்டது. பழனியப்பன் புன்னகையை மாற்றாமல், "நன்றி சொல்கிறார்கள், நம் பழக்கம்," என்று மொழிபெயர்ப்பாளரிடம் விளக்கினார்.

நல்லம்மாள் எழுந்திருக்காமல், குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தாள். இருநூறு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அடுத்த வியாழக்கிழமை என்று ஒன்று இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கோழிக்குப் போடுற தவிட்டை இவளுக்குக் குடுங்க," என்றாள். "இன்னிக்கே குடுங்க. புள்ள பால் குடிக்குது."

"அம்மா, மேலதிகாரி இருக்கிறார். தனலெட்சுமி அம்மாள் நன்றாகத் தேறி வரும்போது…"

"இவ தனலெட்சுமி இல்லீங்க. சௌதா."

கௌஸ் பாய் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப அந்த அம்மா எங்கதான் இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்லம்மாள் பலகையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் பெயர் அழியாமல் இருந்தது.

"அவளுக்கும் இப்படித்தான் காலு வீங்கிச்சு, எடை கூடிச்சு. நீங்க அவ பேரைப் பலகையில எழுதுனீங்களே, அந்த வியாழக்கிழமை காலையில தனலெட்சுமி செத்துட்டா."